ஏறுகிற வண்டியா, இறங்குகிற வண்டியா

போன மாதம் குன்னூரில் ஒரு சின்னப் புகைப்படப் போட்டிக்கு நடுவராக உட்காரச் சொன்னார்கள். தலைப்பு நம் மலை ரயில், வேறென்ன. இந்த ஊரில் கேமரா வாங்குகிற எவனும் முதல் வாரத்திலேயே ரயிலை எடுத்துவிடுவான், அப்புறம்தான் வீட்டு ஆட்களை எடுப்பான். 63 படங்கள் வந்திருந்தன. எல்லாம் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள்தான்: பேங்க்கில் வேலை பார்ப்பவர், தேயிலைத் தொழிற்சாலைக்காரர், காலேஜ் பிள்ளைகள், கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏறி வருகிறவர்கள். எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரிண்ட் போட்டு, பெயரை மறைத்து நம்பர் மட்டும் ஒட்டி, மூன்று நீள மேஜைகளில் பரப்பி வைத்திருந்தார்கள்.

நடுவர்கள் மூன்று பேர். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருக்கிற நான் ஒருவன், ஓய்வு பெற்ற ஓவிய டீச்சர் ஒருவர், மூன்றாவது ஆள் மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அப்பாவின் சிநேகிதர், மாமா என்றுதான் சின்ன வயதிலிருந்து கூப்பிடுகிறேன். அவருக்குக் கேமராவை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. பொன்னாடை போர்த்த ஒரு ஆள் வேண்டும், அதற்காகக் கூப்பிட்டிருப்பார்கள் என்று உள்ளுக்குள் நினைத்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

நான் பார்க்கிற முறை எல்லா ஸ்டுடியோக்காரனும் பார்க்கிற முறைதான். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, ஃபோகஸ் எங்கே இருக்கிறது, கருப்பு எஞ்சினில் விவரம் தெரிகிறதா, வெள்ளை ஆவி வெளுத்துப் போய்விட்டதா. நீராவி எஞ்சினைப் படமெடுப்பதில் பாதித் தலைவலி இதுதான். எஞ்சின் கன்னங்கரேலென்று இருக்கும், பக்கத்திலேயே பஞ்சு மாதிரி ஆவி. கேமராவை எஞ்சினுக்குச் சரி பண்ணினால் ஆவி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், ஆவிக்குச் சரி பண்ணினால் எஞ்சின் ஒரு கரித்துண்டு. இந்தக் கணக்கை வைத்து முதல் சுற்றில் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுவிட்டேன்.

மாமா அப்போது ஏழாவது படத்தில் இருந்தார். ஒவ்வொரு படத்தையும் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், எஞ்சின் இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பார்த்தார். பிரேக் பிடித்தே அகன்று போன விரல், பாதி எஞ்சினை அது ஒன்றே மறைத்துவிடும். என்ன மாமா இது என்று கேட்டேன்.

"எஞ்சினை எவன் எடுத்தாலும் நல்லாத்தான் தம்பி இருக்கும். அதை மறைச்சா மிச்சம் என்ன இருக்குன்னு பார்க்கறேன்."

எனக்கு நறுக்கென்றது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

17ஆம் நம்பர் படத்தில்தான் முதல் சண்டை வந்தது. நான் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தேன். ஹில்குரோவ் பக்கத்து வளைவு, எஞ்சினிலிருந்து கருகருவென்று புகை கிளம்பிப் பாதி வானத்தை அடைத்திருக்கிறது, அடியில் காலை வெயில். பார்த்தவுடனே ஆஹா என்று சொல்ல வைக்கிற படம். மாமா அதற்கு மூன்று போட்டிருந்தார்.

"இது என்ன, எண்ணெயை வீணாக்கற படம்" என்றார். அப்புறம் விளக்கினார். கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கிற எஞ்சினில் கரும்புகை என்றால் எரியாத எண்ணெய் வெளியே போகிறது என்று அர்த்தம். கரி காலத்திலும் அதே கதைதான். காற்றும் தீயும் சரியாக அமைந்த எஞ்சினில் புகை லேசாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரிதான் வரும், ஆவி மட்டும் வெள்ளையாக நிற்கும். ஃபயர்மேன் தடுமாறின ஒரு நொடியை எடுத்துக்கொண்டு வந்து பரிசு கேட்கிறான் என்பது அவர் வாதம். எனக்குப் பேச்சே எழவில்லை, ஏனென்றால் இத்தனை வருடமாக நான் காத்துக்கிடந்து எடுத்ததெல்லாம் அந்த நொடியைத்தான். வெளிநாடுகளில் படக்காரர்களுக்கென்றே தனி வண்டி விடுவார்கள். ஆட்களை வழியில் இறக்கிவிட்டு, வண்டியைப் பின்னால் கொண்டுபோய், மறுபடி ஓட்டி வந்து காட்டுவார்கள், அப்போது வேண்டுமென்றே கரும்புகை விடச் சொல்வதும் உண்டு. அதைச் சொன்னேன். மாமா சிரித்துவிட்டு, "காசு குடுக்கறான், விடறான். நம்மாளு எதுக்கு விடணும்?" என்றார்.

டீச்சர் இதற்குள் வரவில்லை. படமாக நன்றாக இருக்கிறது, மற்றது எனக்கு வேண்டாம் என்று ஏழு போட்டார். அதுவும் ஒரு நியாயம்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், வெளியூர் ஆட்களுக்கு இது தெரிந்திருக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், அதில் கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் நடுவில் பல் வைத்த தண்டவாளம். அங்கே 12 அடி போனால் ஒரு அடி ஏற்றம். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும், அதாவது ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கிக்கொண்டு வரும். ரயிலைப் படமெடுப்பது பற்றி உலகம் பூராவும் சொல்லிக்கொடுக்கிற பாடம், வளைவுக்கு வெளியே நின்றுகொள், எஞ்சின் முக்கால் பாகம் தெரிகிற மாதிரி முன்னால் வரட்டும், பெட்டிகள் வால் மாதிரி பின்னால் வளையட்டும் என்பது. அந்தப் பாடம் நம் மலையில் பாதிக்குப் பாதி செல்லாது. ஏறும்போது எஞ்சின் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறது, ஆவியும் சத்தமுமாக இருக்கிறது, ஆனால் நம் எதிரே வருவது நீலமும் பாலாடை நிறமும் அடித்த ஒரு பெட்டி. இறங்கும்போது எஞ்சின் முன்னால் அழகாக வருகிறது, ஆனால் அதற்கு இழுக்கிற வேலை இல்லை, புகை பேருக்குத்தான். போதாக்குறைக்கு ஏறுகிற வண்டி மேட்டுப்பாளையத்தில் 7.10க்குக் கிளம்பிக் காலை வெயிலில் வருகிறது, இறங்குகிற வண்டி ஊட்டியில் 2 மணிக்குக் கிளம்பி, குன்னூர் தாண்டிக் கீழே போகும்போது மலை நிழல் விழுந்துவிடுகிறது. புகை வேண்டுமா, முகம் வேண்டுமா, ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

இது புரிந்தால் பொய்ப் படத்தைப் பிடிப்பது சுலபம். வந்திருந்ததில் இரண்டு ஏஐ செய்த படங்கள். ஒன்றில் எஞ்சின் முன்னால் நின்று, புகையைக் கக்கிக்கொண்டு, செங்குத்தான மலையில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஏறுகிறது. நம்மூரில் ஆறு வயதுப் பையன்கூடச் சிரிப்பான். இன்னொன்றை நான் கோட்டைவிட்டேன், ஏழு மார்க்கே போட்டிருந்தேன். மாமா தூக்கிப் பார்த்துவிட்டு, "நடுவுல பல்லு எங்க தம்பி?" என்றார். இரண்டு தண்டவாளம் பளபளவென்று இருந்தது, நடுவில் ஜல்லி மட்டும். அவ்வளவு ஏற்றத்தில் பல் இல்லாமல் வண்டி நின்றால் அது சாமி காரியம்தான்.

தண்டவாளத்தின் நடுவே நின்றும், குகை வாயில் நின்றும் எடுத்த நாலு படங்களைப் பார்க்காமலே ஒதுக்கினோம். அதில் மூன்று பேருக்கும் ஒரே கருத்து. ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் அத்துமீறி நுழைவதற்கு ஆறு மாதம் வரை ஜெயில் உண்டு என்பது இருக்கட்டும், யானை நடமாடுகிற காடு அது. பரிசு கொடுத்தால் அடுத்த வருடம் நாற்பது பேர் நிற்பார்கள்.

அடுத்து ஷட்டர் வேகம், அதாவது கேமரா வெளிச்சத்துக்குத் திறந்திருக்கிற நேரம். பாதிப் படங்கள் நொடியில் ஆயிரத்தில், இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வைத்து எடுத்தவை. எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. பல் தண்டவாளத்தில் வண்டி மணிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர்தான் போகும், மாடு மேய்க்கிறவன் மெதுவாக ஓடினாலே கூடவே வந்துவிடலாம். கணக்குப் போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் வண்டி நகர்வது மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ராடு, சக்கரம், எல்லாம் சிலை மாதிரி நின்றுபோய், ஷெட்டில் நிறுத்தி வைத்த எஞ்சினை எடுத்த மாதிரி இருக்கிறது. முப்பதில் ஒரு பங்கு வைத்து, வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் மெதுவாகத் திருப்பினால் பின்னால் இருக்கிற தேயிலை லேசாகக் கரையும், ராடு சுற்றுவது தெரியும். கை நடுங்கினால் போச்சு, பத்துக்கு ஒன்பது படம் குப்பைதான். அந்த மாதிரி முயற்சி பண்ணின படம் 63இல் இரண்டே இரண்டு, ஒன்றில் எஞ்சின் முகம் கொஞ்சம் ஷேக். அதற்கு நான் எட்டு போட்டேன், இன்னும் போட்டிருக்கலாம்.

ராடு என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் ரயில் பைத்தியங்கள் நிற்கிற எஞ்சினைப் பக்கவாட்டில் எடுக்கும்போது சக்கரங்களைக் கோர்க்கிற ராடு அடியில் வந்து நிற்கிற நிலையில்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் வைத்திருக்கிறார்கள், மேலே இருந்தால் முகம் சுளிப்பார்கள். நம் எஞ்சினில் அதைவிட நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழே இருப்பது சக்கரத்தைச் சுற்றும், அங்கே வேலை முடித்த ஆவி மேலே போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். பல் இல்லாத இடத்தில் மேல் ராடு சும்மா இருக்கும். அதனால் ராடு அசைவது தெரிகிற படமாக இருந்தால், எஞ்சின் பல்லைப் பிடித்து ஏறுகிறதா, சமதரையில் ஓடுகிறதா என்று படத்திலேயே படிக்கலாம். இதை எனக்குச் சொன்னவரும் மாமாதான், மத்தியானச் சாப்பாட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே.

பல பேர் படத்தின் பின்னால் ஆங்கிலேயப் போட்டோக்காரர்கள், அமெரிக்கக்காரர்கள் பெயரெல்லாம் எழுதி, அவர்கள் பாணியில் எடுத்தேன் என்று குறிப்பு வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தரைத்தான் எனக்கு நிஜமாகவே பிடிக்கும், வின்ஸ்டன் லிங்க். விளம்பரப் படம் எடுத்துச் சம்பாதித்தவர், 1955இலிருந்து 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயில் நீராவி எஞ்சின்கள் ஓய்கிற காலத்தில், சொந்தக் காசைப் போட்டு ராத்திரி நேரத்தில் ஃபிளாஷ் பல்புகளை வரிசையாகக் கட்டி ரயிலை எடுத்தார். சூரியன் நமக்குத் தோதாக நிற்காது, வெளிச்சத்தை நாமே கொண்டுபோவோம் என்கிற ஆள். 1956இல் அவர் எடுத்த படம் ஒன்று, காருக்குள் உட்கார்ந்து ஜனங்கள் திறந்தவெளித் திரையில் சினிமா பார்க்கிறார்கள், திரையில் விமானம், பின்னால் நிஜ ரயில் புகையோடு போகிறது. அந்த ஃபிளாஷ் வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போனதால் விமானத்தைத் தனியாக எடுத்துப் பிறகு ஒட்டினார். அப்போ அது பொய்யா என்று டீச்சர் கேட்டார். என்னைக் கேட்டால் இல்லை, திரையில் இருந்தது இருந்ததுதான், ரயிலும் போனது போனதுதான். நம் படக்காரர் ஒருத்தர் வேறு எங்கேயோ எடுத்த ஆவியைக் கொண்டுவந்து கேத்திப் பள்ளத்தாக்கில் டீசல் எஞ்சின் மேல் ஒட்டியிருந்தார், அது வேறு கதை. குன்னூருக்கு மேலே வழக்கமாக டீசல்தான் ஓடுகிறது என்பதையாவது யோசித்திருக்கலாம். டீசல் எஞ்சினை டீசல் எஞ்சினாகவே எடுத்தால் என்ன குறை? லவ்டேல் பனியில் அதுவும் அழகுதான், ஒருத்தரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

சரி, 41ஆம் நம்பருக்கு வருகிறேன். நான் நாலு மார்க் போட்ட படம். ரன்னிமேடு பக்கம், நல்ல பனிமூட்டம், மரங்கள் பாதி தெரிகிறது பாதி இல்லை. ஏறுகிற வண்டியின் முதல் பெட்டி மட்டும் வளைவில் வெளியே வந்திருக்கிறது, அதன் முன்மேடையில் காக்கி ஸ்வெட்டர் போட்ட பிரேக்ஸ்மேன் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையில் பச்சைக் கொடியை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறார். எஞ்சின் இல்லை. வளைவுக்குப் பின்னால் மரத்துக்கு மேலே கொஞ்சம் ஆவி, அதுவும் பனியோடு கலந்துவிட்டது. எஞ்சினே தெரியாத நீராவி ரயில் படத்துக்கு நான் வேறென்ன மார்க் போடுவது?

மாமா விரலை வைத்து மறைக்கவில்லை, மறைக்க ஒன்றும் இல்லையே. ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்பது போட்டார்.

அதே மாதிரி இன்னொரு படம் இருந்தது, 52. வெயிலில், ஃபோகஸ் கத்தி மாதிரி, பிரேக்ஸ்மேன் வெள்ளைப் பல் தெரியச் சிரிக்கிறார், கொடி காற்றில் பறக்கிறது. டீச்சருக்கும் எனக்கும் அதுதான் பிடித்தது. மாமா அதற்கு இரண்டு.

"இவன் லைனைப் பார்க்காம உன் கேமராவைப் பார்க்கறான். எஞ்சின் பின்னாடி இருக்கு, டிரைவருக்கு முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது. கல்லு விழுந்து கெடக்கா, யானை நிக்குதா, எல்லாம் இவன் கொடியைப் பார்த்துத்தான். இவன் பல்லைக் காட்டிட்டு நிக்கறான்." அப்புறம் 41ஐக் காட்டி, "இவன் பார்வையைப் பாரு" என்றார்.

பார்த்தேன். உண்மைதான், அந்த ஆள் கேமரா பக்கமே திரும்பவில்லை. கண்ணைச் சுருக்கி, பனிக்குள் எங்கேயோ தண்டவாளத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஏறுகிற வண்டிக்கு முகம் இந்த ஆள்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பியைப் பிடித்த விரல் வெளுத்திருக்கிறது. நான் முதல் தடவை பார்த்தபோது இதில் ஒன்றையும் பார்க்கவில்லை, எஞ்சின் எங்கே என்று மட்டும் தேடியிருக்கிறேன்.

அதற்கப்புறம் எல்லாப் படத்தையும் மறுபடி எடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: இந்த வண்டி ஏறுகிறதா, இறங்குகிறதா? நீங்களும் உங்கள் ஃபோனில் இருக்கிற மலை ரயில் படங்களை எடுத்துப் பாருங்கள். முக்கால்வாசியில் தெரியாது. பொம்மைக் கடை அலமாரியில் வைத்த ரயில் மாதிரி இருக்கும். தெரிகிற படங்களில் எங்கேயாவது ஒரு இடத்தில் பாரம் இருக்கும், ஆவி விடுகிற விதத்திலோ, பிரேக் பிடியை இறுக்குகிற தோளிலோ, இல்லை சாய்விலோ.

அந்தச் சாய்வில்தான் நானே மாட்டிக்கொண்டேன். 12க்கு 1 ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து டிகிரி. இப்போதைய ஃபோன்களில் படத்தை நேராக்குகிற வசதி இருக்கிறது, அது தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, ஓ இது கோணல் போலிருக்கிறது என்று நினைத்து நிமிர்த்திவிடுகிறது. வண்டி சமதரையில் நிற்கும், சில்வர் ஓக் மரமெல்லாம் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பதினோரு படங்களில் அப்படி இருந்தது. நான் ஒவ்வொன்றாக எடுத்து, பாருங்க மரம் சாயுது, மரம் சாயுது என்று உற்சாகமாகக் காட்டிக்கொண்டிருந்தேன். மாமா டீ குடித்துக்கொண்டே, "உன் கடைச் சுவத்துல இருக்கறதும் அப்படித்தானே தம்பி இருக்கு" என்றார்.

டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

1998இல் ஃபிலிமில் எடுத்த படம் அது, அடர்லி பாலம். இருட்டறையில் என்லார்ஜரில் பிரிண்ட் போடும்போது வண்டி கோணலாக இருக்கிறதே என்று பேப்பரை நான்தான் திருப்பி வைத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெருமையாக ஃபிரேம் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, அதைப் பார்த்து நாலு பேர் கல்யாண ஆர்டரே கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது கடைக்கு வந்து உட்காருகிற மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் மாமா சொல்லலை என்றேன். "நீ கேக்கலையே" என்றார்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் மார்க்கையும் கூட்டினார்கள். நான் 41க்கு நாலை எட்டாக மாற்றினேன், டீச்சர் அசையவில்லை, இருட்டாக இருக்கிறது என்று ஐந்திலேயே நின்றார். முதல் பரிசு வாங்கியது கல்லாறு பாக்குத் தோப்பு ஓரமாக வண்டி போகிற ஒரு படம், அதற்கு மூன்று பேருமே எட்டு போட்டிருந்தோம். நல்ல படம்தான், ஒரு குற்றமும் சொல்ல முடியாது, ஆனால் நாங்கள் மூன்று பேரில் யாரும் அதைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டிப் போட்டு வகுத்தால் இப்படித்தான் ஆகும். 41 இரண்டாவது. எடுத்தது அருவங்காட்டுப் பக்கத்துப் பெண், காலேஜ் இரண்டாம் வருடம், ஃபோனில் எடுத்ததாம். எஞ்சின் வருவதற்குள் ஃபோன் சார்ஜ் இறங்கிப் போச்சு சார் என்று வருத்தப்பட்டாள். மாமாவிடம் இதை நான் சொல்லவில்லை.

மறுநாள் பழைய நெகட்டிவைத் தேடி எடுத்துத் திரும்ப ஸ்கேன் பண்ணி, மரம் நேராக, வண்டி சாய்வாக, புதிதாகப் பிரிண்ட் போட்டு அதே ஃபிரேமில் மாட்டினேன். மூன்று நாள் ஆகியிருக்கும். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர் ஒருத்தர் பில் போடுகிற வரைக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. காசைக் கொடுத்துவிட்டு, நேராகப் போய் ஃபிரேமின் ஒரு மூலையை மெதுவாக மேலே தள்ளி, இரண்டடி பின்னால் வந்து பார்த்து, "கொஞ்சம் கோணலா இருந்துச்சுங்க, இப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.